நாற்பது புத்தகங்கள் வாய் பிளந்த வாரம்

பசையைத் தொடக் கூடாது. அதுதான் முதல் நிபந்தனை.

"கத்தியப் பிடி, கல்லுல தீட்டு, தோலச் சீவு, என்னவோ பண்ணு. பசைச் சட்டிப் பக்கம் மட்டும் வராத" என்றார் கத்தி மாமா. "பொம்பளக் கை பட்ட பசை காயுறப்ப இழுத்துக்கும். அட்டை வளைஞ்சு போகும். இத நான் சொல்லல. முப்பத்தஞ்சு வருஷமா இந்தப் பட்டறை சொல்லுது."

"பட்டறை எப்ப மாமா பேசுச்சு? நானும் பதினாறு வருஷமா இங்கதான் இருக்கேன். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லையே" என்றாள் ஊசியக்கா.

தையல் மேசையில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். கத்தி மாமா தாள் வெட்டும் இயந்திரத்தின் நெம்புகோலை ஓங்கி இறக்கினார். அந்தச் சத்தம்தான் அவருடைய பதில். அந்த இயந்திரத்தோடு அவர் வாழ்ந்ததால் அந்தப் பெயர் வந்தது. அவர் பேசத் தொடங்கினால் எளிதில் நிறுத்தமாட்டார் என்பதால் அது நிலைத்தது.

அந்த பைண்டிங் பட்டறை ஒரே நீளமான அறை. வாசலை ஒட்டிய பாதி பெண்களுடையது. அச்சகத்திலிருந்து வரும் பெரிய தாள்களை மடிப்பது, அடுக்குவது, மடித்த கட்டுகளை ஊசி நூலால் தைத்து ஒரு புத்தகத்தின் உடம்பாக்குவது எல்லாம் அங்கே நடக்கும். ஜன்னல் பக்கத்துப் பாதி ஆண்களுடையது. அட்டை வெட்டுவது, துணி ஒட்டுவது, தோல் போர்த்துவது, முதுகில் எழுத்துப் பொறிப்பது அங்கே. நல்ல வெளிச்சமும் காற்றும் அந்தப் பக்கம்தான். நுண்ணிய தையல் வேலைக்கு வெளிச்சம் வேண்டாமா என்று யாரும் கேட்டதில்லை. கூலியும் அந்தப் பக்கம் ஒன்றரை மடங்கு. இந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் "மடிக்கிறவங்க". அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் "பைண்டர்கள்". தைக்காத புத்தகத்துக்குத் தோல் போர்த்தினால் அது என்ன லட்சணத்தில் இருக்கும் என்று பெயர் வைத்தவர்கள் யோசிக்கவில்லை. பெயர் வைக்கிற உரிமை ஜன்னல் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

ஊசியக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. இருபத்தேழில் இந்தப் பட்டறைக்குள் வந்தாள். பெரியக்கா என்று எல்லோரும் அழைக்கிற மூத்த தையல்காரிதான் அவளுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள். இரண்டே வருடத்தில் பெரியக்காவின் தையலுக்கும் இவள் தையலுக்கும் வேறுபாடு தெரியாமல் போனது. கட்டின் நடு மடிப்பில் நுழைந்து, வெளியே வந்து, முந்தைய கட்டின் நூலைக் கோத்துக்கொண்டு மறுபடி நுழைகிற அந்த ஊசி அவள் கையில் நடக்காது, ஓடும். நூலை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். அதிகம் இழுத்தால் தாள் அறுபடும். தளர விட்டால் நாலு முறை திறந்ததும் புத்தகம் பல் ஆடும்.

இன்னொன்றும் அவளிடம் உண்டு. மடிக்கிற தாளையெல்லாம் அவள் படிப்பாள். அச்சான பெரிய தாளில் பக்கங்கள் வரிசையாக இருக்காது. எட்டுக்குப் பக்கத்தில் ஒன்பது, ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு, பாதி தலைகீழ். வானியல், சட்டம், உடற்கூறு, தொழிற்சங்க வரலாறு எல்லாவற்றையும் அவள் இப்படித்தான் படித்தாள். முடிவு முதலில் தெரியும், காரணம் மறுநாள் மடிக்கும் தாளில் கிடைக்கும். நடுவில் ஒரு தாள் இன்னொருத்தியின் மேசைக்குப் போய்விட்டால், சாப்பாட்டு நேரத்தில் போய்க் கேட்பாள்: "அந்த நோய் எதனால வந்துச்சாம், பாத்தியா?" பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். காரணம் தெரியாமல் ஒன்றை ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தையும் கூடவே விட்டுவிட்டாள்.

தோல் வேலை செய்துகொண்டிருந்த இருவரில் ஒருவர் வேறு ஊருக்கு மாறிப் போனார். மிஞ்சியவன் தோல் தம்பி. அவளைவிட இரண்டு வயது இளையவன். ஆனால் பதினாலு வயதில் கத்தி பிடித்தவன். அதே நேரத்தில் ஒரு கல்லூரி நூலகத்திலிருந்து பெரிய வேலை வந்தது. பழைய அறிவியல் இதழ்களை ஆண்டுவாரியாகச் சேர்த்து நாற்பது தொகுதிகள். முதுகும் மூலைகளும் தோல், மீதி துணி. வெளியே ஆள் தேடிக் களைத்த மேனேஜரிடம் ஊசியக்கா போய் நின்றாள்.

"நான் கத்துக்கறேன் சார்."

மேனேஜர், முதலாளியின் தங்கை மகன். வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. புது ஆளுக்குக் கொடுக்க வேண்டிய கூலி இல்லாமலே வேலை நடக்கும் என்பது அவருக்கு உடனே புரிந்தது. மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். தேறினால் ஜன்னல் பக்கம், தேறாவிட்டால் பழையபடி மடிப்பு மேசை. கத்தி மாமா தன் நிபந்தனையைச் சொன்னார். அவள் தன் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

முதல் இரண்டு வாரம் தோல் தம்பி தோலையே கண்ணில் காட்டவில்லை. கத்தி தீட்டுவதுதான் வேலை. அகலமான, ஒரு பக்கம் மட்டும் சரிந்த கத்தி. எண்ணெய்க் கல்லில் தேய்த்து, முன்கை மயிரில் வைத்துப் பார்க்க வேண்டும்.

"இன்னும் எத்தன நாளைக்குத் தம்பி? என் கை கோழி உரிச்ச மாதிரி ஆயிடுச்சு."

"கத்தி மொக்கையா இருந்தா தோல் கிழியும் அக்கா. கிழிஞ்சா நீங்க தோலத் திட்டுவீங்க. தோல் பாவம்."

மூன்றாவது வாரம் தோல் வந்தது. வழவழப்பான கல்லின் மேல் தோலைக் குப்புறப் போட்டு, ஓரத்தை மட்டும் தாள் அளவுக்கு மெலிதாகச் சீவ வேண்டும். அப்போதுதான் அட்டையின் விளிம்பில் மடக்கி ஒட்டும்போது திட்டாகத் தெரியாது. கத்தி கொஞ்சம் நிமிர்ந்தால் தோலில் ஓட்டை. கொஞ்சம் படுத்தால் வழுக்கிக்கொண்டு கட்டை விரலுக்கு வரும். முதல் வாரத்தில் ஏழு துண்டு தோலும் இரண்டு விரலும் சேதம்.

"கையப் பாக்காதீங்க. சத்தத்தக் கேளுங்க" என்றான் தோல் தம்பி. சரியான சாய்வில் கத்தி போனால் தாளைத் தடவுவது போல ஒரு மெல்லிய சீறல் வரும், தவறினால் கரகரக்கும். அவன் திரும்பி உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டே, முதுகுக்குப் பின்னால் வரும் சத்தத்தை மட்டும் வைத்து, "நிமுந்துடுச்சு", "இப்ப படுத்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்பான். ஒரு நாள் காலையிலிருந்து மத்தியானம் வரை அவன் எதுவுமே சொல்லவில்லை. அவள் கவலையோடு எழுந்து போய்ப் பார்த்தாள்.

"என்ன தம்பி, கோபமா?"

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல அக்கா."

அன்று வீட்டுக்குப் போகும் வழி முழுவதும் அவள் அதை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

இரண்டாம் மாத நடுவில் நூலகம் அவசரப்படுத்தியது. முப்பத்து நாலு தொகுதிகளைத் தோல் தம்பி ஒட்டி முடித்திருந்தான். மீதி ஆறு. மணிக்கட்டு வலி அவனைப் படுத்தியது. "இந்த ஆறையும் நீங்க ஒட்டுங்க" என்று பசைச் சட்டியை அவள் பக்கம் தள்ளினான். கத்தி மாமா பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். தேதி நெருக்கியதால் தடுக்கவில்லை.

அவள் முதல் அட்டையைக் கையில் எடுத்தாள். பழக்க தோஷத்தில் இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்துப் பார்த்தாள்.

தாளுக்கு ஓர் ஓட்டம் உண்டு. கூழாக இருந்தபோது அதன் இழைகள் எந்தத் திசையில் படுத்தனவோ அதுதான் ஓட்டம். அதன் போக்கில் மடித்தால் தாள் சொன்னபடி கேட்கும்; குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். புத்தகத்தில் தாள், துணி, அட்டை எல்லாவற்றின் ஓட்டமும் மேலிருந்து கீழாக, முதுகோடு சேர்ந்து போக வேண்டும். இல்லையென்றால் பசையின் ஈரத்தில் ஒன்று ஒரு பக்கம் விரியும், இன்னொன்று வேறு பக்கம் விரியும். காயும்போது இழுபறி நடக்கும். பதினாறு வருடம் தாள் மடித்தவளுக்கு இதைக் கண் பார்க்க வேண்டாம், விரலே சொல்லிவிடும். அந்த அட்டை குறுக்காக வெட்டப்பட்டிருந்தது. விரல் சொன்னது. அவள் வாயைத் திறந்தாள்.

பிறகு மூடிக்கொண்டாள்.

ஏற்கெனவே முப்பத்து நாலு ஒட்டியாகிவிட்டது. தடிமனான அட்டைக்கு ஒருவேளை அந்தக் கணக்கு இல்லையோ? வந்து இரண்டு மாதம் ஆகவில்லை, அதற்குள் வெட்டுகிறவருக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டாள் என்பார்களோ? எதையும் காரணம் கேட்காமல் விடாதவள், தன் விரலை நம்பாமல் ஆறு தொகுதிகளையும் ஒட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் நாற்பதும் திரும்பி வந்தன.

நூலகரே கூட வந்திருந்தார். ஒல்லியான, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்திருந்த மனிதர். ஒரு தொகுதியை மேசையில் வைத்தார். அட்டையின் மேல்முனையும் கீழ்முனையும் எழும்பி, புத்தகம் முதலை போல வாய் பிளந்துகொண்டிருந்தது. அதன்மேல் இன்னொன்றை வைத்தார். அது வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது.

"நான் புத்தகம் கேட்டேன். நீங்க ஊஞ்சல் செஞ்சு குடுத்திருக்கீங்க" என்றார். ஒரு மாதம் அவகாசம் தந்துவிட்டுப் போனார்.

மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டார். கத்தி மாமா காத்திருந்தவர் போல முன்னால் வந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? பசையத் தொட்டா..."

"அக்கா ஒட்டினது ஆறுதான் மாமா. முப்பத்து நாலு நான் ஒட்டினது. அதுவும்தானே வளைஞ்சிருக்கு?" என்றான் தோல் தம்பி.

"ஒரே சட்டிப் பசைதானே!"

"முப்பத்து நாலையும் முடிச்சப்புறம்தானே அக்கா சட்டியத் தொட்டாங்க?"

"அதுக்கு முன்னாடி பக்கத்துல உக்காந்திருந்தாளே!"

மூடநம்பிக்கையை விரட்டிப் பிடிக்கவே முடியாது. ஒரு கதவை அடைத்தால் அடுத்த கதவு வழியாக வந்து உட்காரும். ஆனால் மேனேஜருக்கு அதன் உண்மை பொய் முக்கியமில்லை. நூலகத்துக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டும். காரணமாக நிற்க ஓர் ஆள் வேண்டும். புதிய ஆள், அதுவும் பெண், கைக்கெட்டும் தூரத்தில் நின்றாள்.

"திங்கட்கிழமையில இருந்து நீங்க மடிப்புக்கே போயிடுங்க அக்கா. நல்லா வேலை செஞ்ச இடம். அங்க உங்களுக்கு மரியாதை இருக்கு."

திங்கட்கிழமைக்கு நாலு நாள் இருந்தது. கையில் இருந்த தோல் துண்டை அவள் விடாமல் பிடித்திருந்தாள்.

"போறேன் சார். ஆனா எதனால வளைஞ்சதுன்னு தெரியாம என்ன அனுப்பினீங்கன்னா, மறுபடி ஒட்டுற நாப்பதும் வளையும். அப்ப யார அனுப்புவீங்க?"

மேனேஜர் பேனாவைக் கடித்தார். அது அவர் யோசிக்கிறார் என்பதற்கு அடையாளம். "சரி, திங்கட்கிழமைக்குள்ள கண்டுபிடிச்சுக் காட்டுங்க" என்றார்.

அன்று மாலை வீட்டில் அவள் கணவர் தரையில் உட்கார்ந்து தண்ணீர் மோட்டார் ஒன்றுக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். கூடத்தில் பாதி இடத்தைப் பிரித்துப்போட்ட மோட்டார்களே அடைத்துக்கொண்டிருக்கும். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள், வாயை மூடிக்கொண்டதையும் சேர்த்து.

"நீயா பேசாம இருந்த?" என்றார் அவர். "நம்ப முடியலையே. எங்கிட்ட அந்தத் தப்ப ஒரு நாளும் பண்ணினதில்லையே."

"சிரிக்காதீங்க."

அவர் கம்பியைக் கீழே வைத்தார். "இந்த மோட்டார் ஓடலன்னு வை. கம்பியையும் மாத்தி, பேரிங்கையும் மாத்தினா ஓடும். ஆனா எது கெட்டிருந்துச்சுன்னு சாகுற வரைக்கும் தெரியாது. ஒரு நேரத்துல ஒண்ணத்தான் மாத்தணும். உங்க பட்டறையில ரெண்டு பேச்சு ஓடுது. ஒண்ணு உன் கை, இன்னொண்ணு அட்டை. ரெண்டையும் தனித்தனியா பிரிச்சுக் காட்டு."

அவள் மகளின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நாலு கட்டம் போட்டாள்.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் அதை மேசையில் விரித்தாள். நாலு அட்டைகள், ஒரே தாய் அட்டையிலிருந்து. இரண்டு நெடுக்கில் வெட்டியது, இரண்டு குறுக்கில். இரண்டு சட்டிப் பசை. ஒரு சட்டியில் அவள் கை படும், இன்னொன்றில் படாது. அவள் சட்டியில் ஒரு நெடுக்கு, ஒரு குறுக்கு. ஆண்கள் சட்டியிலும் அப்படியே. எது எந்த அட்டை என்று பெரியக்கா மட்டும் எண் போட்டுத் துண்டுச் சீட்டில் குறித்து, தன் நூல் டப்பாவில் வைத்துக்கொள்வாள். ஒரு ராத்திரி புத்தகத்தை இறுக்கும் அழுத்தியில், ஒரு பகல் ஜன்னலோரக் காற்றில். அப்புறம் பார்க்கலாம்.

"பசைதான் காரணம்னா என் சட்டி ரெண்டும் வளையணும். அட்டைதான் காரணம்னா குறுக்கு ரெண்டும் வளையணும். சரிதானே மாமா?"

"அட்டைக்கு ஏது நெடுக்கு குறுக்கு? அதென்ன தாளா? இவ்வளவு தடிமன்" என்றார் கத்தி மாமா.

"அப்ப உங்களுக்குப் பயமே வேண்டாம்."

தையல் மேசையிலிருந்து மறுபடி சிரிப்பு. கத்தி மாமா சம்மதித்தார். ஆண்கள் சட்டியை அவரே காய்ச்சினார், மைதாவும், பூச்சி வராமலிருக்க மயில்துத்தமும் தானே அளந்து போட்டு. தட்டால் மூடி, தட்டின்மேல் ஒரு கல்லையும் வைத்தார். பெண் காற்று கூடப் படக் கூடாதாம். ஊசியக்கா தன் சட்டிக்குள் வலது கையை மணிக்கட்டு வரை விட்டாள். இரண்டு சுற்று கலக்கினாள்.

"போதுமா மாமா? இடது கையும் விடட்டுமா?"

"போதும் போதும்."

நாலையும் தோல் தம்பியே ஒட்டினான், ஒரே தூரிகை, ஒரே துணி. ஒட்டுகிற கையும் மாறக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை மாலை. தையல் பெண்கள் ஏழு பேரும் வேலையை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் வந்து நின்றார்கள். யாரும் தடுக்கவில்லை. தோல் தம்பி ஜன்னலோரத்திலிருந்து நாலு அட்டைகளையும் எடுத்துவந்து மேசையில் வைத்தான். இரண்டு மேசையோடு படிந்து கிடந்தன. இரண்டு மேலும் கீழும் எழும்பி வாய் பிளந்தன. கட்டம் போட்டபோது ஊசியக்காவுக்கு இருந்த தைரியத்துக்கு இப்போது கொஞ்சம் மூச்சு வாங்கியது.

பெரியக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சீட்டைப் பிரித்தாள். அவசரமே இல்லாமல் பிரித்தாள். முப்பது வருடம் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு இந்த ஒரு நிமிடத்தை நீட்டிக்க உரிமை இருந்தது.

"வளைஞ்சதுல ஒண்ணு ரெண்டாம் நம்பர். ஊசி சட்டி, குறுக்கு. இன்னொண்ணு நாலாம் நம்பர்." கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "கல்லு வச்சு மூடின சட்டி. குறுக்கு."

"நேரா இருக்கிறதுல அக்காவோடது இருக்கா?" என்று மேனேஜர் கேட்டார்.

"முதல் நம்பர். மணிக்கட்டு வரைக்கும் கைய விட்ட பசை. பாருங்க, பலகை மாதிரி கிடக்கு."

கத்தி மாமா நாலாம் எண் அட்டையைக் கையில் எடுத்தார். திருப்பினார். மேசையில் வைத்து அமுக்கினார். விட்டதும் அது மறுபடி எழும்பியது. முப்பத்தைந்து வருடமாக அவர் நம்பிய ஒன்று அவர் கையிலேயே வளைந்து நின்றது. ஆள் சட்டென்று வயதானவர் போலத் தெரிந்தார்.

"அப்ப நான் வெட்டினதுதான்" என்றார்.

"உங்க கவனக் குறைவால எவ்வளவு பெரிய..." என்று மேனேஜர் குரலை உயர்த்தினார். குற்றம் சொல்ல வேறோர் ஆள் கிடைத்ததில் அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

ஊசியக்கா குறுக்கே பேசினாள். "மாமா மட்டும் இல்ல சார். முன்னாடி ஒரு அட்டையில நாலுதான் எடுப்பாரு. திருப்பிப் போட்டா அஞ்சு கிடைக்கும்னு அவர் கண்டுபிடிச்சப்ப, தோளத் தட்டிக் குடுத்தது நீங்க. அப்புறம் நான். ஒட்டுறதுக்கு முன்னாடியே வளைச்சுப் பாத்தேன். குறுக்குன்னு தெரிஞ்சுது. வாய மூடிக்கிட்டேன். முப்பத்து நாலு தப்பியிருக்காது, ஆனா என் ஆறு தப்பியிருக்கும். நூலகத்துக்குப் போகாம நாப்பதையும் நிறுத்தியிருக்கலாம். அத எழுதுறதா இருந்தா மூணு பேரையும் எழுதுங்க."

அவள் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமே இல்லை. வென்றுவிட்டாள். ஆனால் மூன்று பேர் செய்த தவற்றை ஒரு முதுகில் ஏற்றுவதுதானே அநியாயம். அந்த முதுகு யாருடையது என்பதில் என்ன இருக்கிறது? முந்தாநாள் அது இவளுடைய முதுகாக இருந்தது.

மேனேஜர் பேனாவைக் கடித்தார். பிறகு மலர்ந்த முகத்தோடு சொன்னார்: "சரி, நடந்தது நடந்துடுச்சு. அக்கா, உங்க விரல்ல இப்படி ஒரு வித்தை இருக்குறது எங்களுக்குத் தெரியாமப் போச்சு. இனிமே பட்டறைக்கு வர்ற எல்லா அட்டையையும் நீங்க தொட்டுப் பாத்து அடையாளம் போட்டுக் குடுங்க. பெரிய பொறுப்பு. மடிப்பு மேசையிலயே உக்காந்து நிம்மதியா செய்யலாம்."

ஒரு கணம் அது பாராட்டு போலவே காதில் விழுந்தது. இரண்டு பெண்கள் கை தட்டக்கூடப் போனார்கள். ஊசியக்கா அந்த வார்த்தைகளை அட்டையைப் போலவே இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தாள்.

"அதாவது, தப்பு பண்ணினதா நினைச்சப்பவும் மடிப்பு மேசை. சரின்னு நிரூபிச்ச அப்புறமும் மடிப்பு மேசை. அப்ப சோதனை எதுக்கு சார்?"

"அப்படி இல்ல அக்கா..."

"அட்டை பாக்குற வேலையும் என் தலையில. தோல் வேலை மட்டும் இந்தப் பக்கம். முடியாது சார். ஓட்டம் பாக்குறது வித்தையும் இல்ல, வரமும் இல்ல. ரெண்டு நாள்ல யார் வேணா கத்துக்கலாம். இவங்களுக்கு நான் சொல்லித் தரேன். எனக்கு இன்னும் ஒரு மாசம் பாக்கி இருக்கு. அது வரைக்கும் இந்த இடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன். அதுக்கப்புறம் என் வேலையப் பாத்துச் சொல்லுங்க, கையப் பாத்துச் சொல்லாதீங்க."

மேனேஜர் தோல் தம்பியைப் பார்த்தார். அவன் தன் வலது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நாப்பதையும் பிரிச்சு, தோல உரிச்சு, மறுபடி போத்தணும். ஒரு மாசத்துல நான் ஒருத்தன் இருபது முடிச்சாப் பெரிசு. மீதி இருபதுக்கு அக்கா இல்லன்னா நீங்கதான் சார் கத்தி பிடிக்கணும்."

மேனேஜரின் மென்மையான விரல்களை எல்லோரும் ஒரே நேரத்தில் பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

"மாமா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார், கடைசிக் கிளையைப் பிடிப்பவர் போல.

கத்தி மாமா இன்னும் அந்த அட்டையைத்தான் திருப்பிக்கொண்டிருந்தார். "நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? சட்டியத் தொடட்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, யாருக்கோ சொல்வது போல: "எனக்கு இந்தக் கருமத்தச் சொல்லிக் குடுக்கட்டும்."

திங்கட்கிழமை ஊசியக்கா ஜன்னல் பக்கத்தில், தன் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதலில் தான் ஒட்டிய ஆறு தொகுதிகளைத்தான் பிரித்தாள். ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்து, தோல் கிழியாமல் முதுகிலிருந்து உரித்தாள். உள்ளே இருந்த தையல் ஜன்னல் பக்கம் வருவதற்கு முன் அவளே போட்டது, ஒரு நூல்கூட அசையவில்லை. அந்த வாரமே சின்னவள் ஒருத்தி, தையல் மேசையில் கடைசியாகச் சேர்ந்தவள், சாப்பாட்டு நேரத்தில் வந்து கல்லருகே நின்றாள். கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளை வளர்ப்பவள். ஊசியக்கா மொக்கைக் கத்தி ஒன்றையும் எண்ணெய்க் கல்லையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அந்தத் திங்கட்கிழமை பத்து மணி வாக்கில் கத்தி மாமா அட்டை வெட்டும் மேசையிலிருந்து கூப்பிட்டார். அவர் முன்னால் பத்துத் துண்டுகள் கிடந்தன.

"வாம்மா. என்ன பண்ணணும்னு சொல்லு."

"கண்ண மூடுங்க மாமா."

"கண்ண மூடிக்கிட்டு அட்டை வெட்டச் சொல்றியா? விரல் போயிடும்."

"வெட்ட வேண்டாம், வளைங்க. இப்படி ஒரு தடவ. திருப்பி இப்படி ஒரு தடவ. எந்தப் பக்கம் முரண்டு பிடிக்குது?"

அவர் வளைத்தார். நெற்றி சுருங்கியது. "ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"வேகமா வளைக்கிறீங்க. உங்க மெஷின் நெம்புகோல் இல்ல அது. மெதுவா. அது சொல்ற வரைக்கும் காத்திருங்க."

முதல் மூன்றும் தவறு. நாலாவது சரி. ஐந்தாவது தவறு. தையல் மேசையிலிருந்து யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். "அங்க என்ன சிரிப்பு, வேலையப் பாருங்க" என்று கண்ணை மூடியபடியே அதட்டினார். ஆறும் ஏழும் சரி. எட்டாவதில் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

"இதுதான் நெடுக்கு" என்றார். "இந்தப் பக்கம் லேசா மடங்குது. அந்தப் பக்கம் முறைக்குது."

"சரி மாமா."

"நிஜமாவா? என் வயசுக்கு மரியாதை குடுத்துச் சொல்லலையே?"

"உங்க வயசுக்கு மரியாதை குடுத்திருந்தா முதல் மூணையும் சரின்னு சொல்லியிருப்பேனே."

கத்தி மாமா கண்ணைத் திறந்து, பெரிய அட்டையைத் தூக்கி இயந்திரத்தில் வைத்தார். இந்தத் தடவை நாலு துண்டு எடுக்கிற அளவில் வைத்தார். நெம்புகோலைப் பிடித்தவர் இறக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வெட்டுங்க மாமா" என்றாள் ஊசியக்கா.